குலசாமியை நீக்கிய மருமகனுக்கு

மதுரைவீரன் துணை

திருவரங்குளம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மருமகன் செம்மலுக்கு, அத்தை பிரகதாம்பாள் எழுதிக்கொண்டது. இங்கு நான், உன் மாமா, மாடு, முருங்கை மரம், அதிலிருக்கும் கம்பளிப்பூச்சிகள் எல்லோரும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருப்பதால் கேட்கிறேன், சுகமா? கோயம்புத்தூரில் மழை உண்டா? போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் தபாலில் வருகிறேன். இதை உன்னால் கட் பண்ண முடியாது.

முருங்கையில் பூச்சி என்று உன்னிடம் சொன்னது ஒரு குற்றமா? "எங்க தோட்டக்காரர் மன்றத்துல சேர்ந்து கேளுங்க அத்தை, நான்தான் அங்க அட்மின், எல்லாரும் ஒத்தாசையா இருப்பாங்க" என்று ஆசை காட்டியது நீ. சேர்ந்தேன். முதலில் ஒரு கட்டம் வந்தது. நல்ல காரியம் எதை எழுதினாலும் தலைப்பில் என்ன எழுதுவோமோ அதை எழுதினேன்: மதுரைவீரன் துணை. அதுதான் பெயர் எழுதும் கட்டம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? படம் கேட்டது, குதிரை மேல் அரிவாளை ஓங்கிக்கொண்டிருக்கும் நம் சாமி படத்தைப் போட்டேன். கேள்விக்கு அடியில் என் போன் நம்பரையும் போட்டேன், பதில் தெரிந்தவர்கள் கூப்பிட வேண்டாமா?

ஒருவரும் கூப்பிடவில்லை. ஒருவர் மரத்தை வெட்டு என்றார். ஒருவர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனார், அப்போது சாயங்காலம். ஒருவர் கம்பளிப்பூச்சிக்கு நடுவில் 'ப்' வரும், நீங்கள் விட்டுவிட்டீர்கள் என்றார்; ஐயா, பூச்சி போனால் போதும், 'ப்' வந்தால் என்ன வராவிட்டால் என்ன என்றேன், தமிழ்த் துரோகி என்றார். இன்னொருவர், இதே கேள்வி முன்பே வந்திருக்கிறது, தேடிப் பார்க்கவும் என்றார். தேடிப் பார்த்தேன். அங்கேயும் அவரேதான் 'தேடிப் பார்க்கவும்' என்று எழுதியிருந்தார். கடைசியாக வந்தான் வேர்மன்னன் என்று ஒருவன். "படித்துவிட்டு வந்து கேளுங்கள், உங்களைப் போன்றவர்களால்தான் மன்றத்தின் தரம் கெடுகிறது" என்றான். செம்மல், அது வலித்தது. பூச்சியைப் பற்றிக் கேட்டவளிடம் தரத்தைப் பற்றிப் பேசுவார்களா?

ஆனாலும் நான் ஒரு வார்த்தை கெட்டதாகச் சொன்னேனா? எடுத்துப் பார். யார் வம்புக்கு வந்தாலும் நம் பக்கத்தில் முதலில் என்ன கேட்போம்? அதைத்தான் கேட்டேன்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"திருச்சி. எதற்கு?"

"சும்மாதான், தெரிஞ்சு வச்சுக்கலாம்னு. வீட்டுல யார் யாரு இருக்காங்க? வீடு மெயின் ரோட்டு மேலயா, உள்ள கொஞ்சம் நடக்கணுமா?"

அவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்துவிட்டது. சரி, பிள்ளைக்கு வேலை இருக்கும், நாமும் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகலாம் என்று, "சரி தம்பி, வாரேன்" என்று மரியாதையாக எழுதிவிட்டு எழுந்தேன். திரும்பி வந்து பார்த்தால் உங்கள் மன்றத்தின் உச்சியில் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கிறீர்கள்: 'மதுரைவீரன் துணை என்பவர் கொலை மிரட்டல் விடுத்ததால் நீக்கப்பட்டார்.' ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் நம் குலசாமியையே கடித்துவிட்டீர்களே! உனக்கு மொட்டை போட்ட சாமியடா அது. உன்னைக் கேட்டால், "ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான் அத்தை" என்று போனை வைத்தவன்தான், பிறகு எடுக்கவே இல்லை. உன் மாமாவோ, "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தது நீதானடி" என்று எனக்கே உபதேசம் பண்ணுகிறார்.

அந்தச் சிவப்பு எழுத்தை எடுக்க வேண்டுமானால் 'இனி வரமாட்டேன்' என்று மன்னிப்பு எழுதித் தர வேண்டுமாம். நன்றாக இருக்கிறது ஞாயம். இழவு வீட்டில்தான் சொல்லாமல் எழுந்து வருவோம். மற்ற எந்த வீட்டுப் படி இறங்கினாலும் "வாரேன்" என்று சொல்லித்தான் இறங்குவோம். பகையாளி வீடானாலும் அப்படித்தான். "வரமாட்டேன்" என்று என் வாயால் சொல்லிவிட்டு நான் எந்தப் படியும் இறங்கியதில்லை. மரம் பட்டுப்போனாலும் எழுத மாட்டேன். உன் கல்யாணத்துக்கு நான் வந்து மாலை எடுத்துக் கொடுக்க வேண்டுமானால், கடிதம் கண்ட மறுநாளுக்குள் சாமி பெயரை அங்கிருந்து எடு. அந்த வேர்மன்னனோடு எனக்கு இந்த ஜென்மத்தில் பேச்சு கிடையாது. வாரேன் என்றால் போகிறேன் என்றுதான் அர்த்தம், அதை அவனுக்கு அங்கிட்டு இருக்கிற யாராவது தமிழ் தெரிந்தவர்கள் சொல்லிக் கொடுங்கள்.

மற்றபடி நேரத்துக்குச் சாப்பிடு. கோபத்திலும் சொல்கிறேன், உன்னை அந்தச் சாமிதான் காப்பாற்ற வேண்டும், நீக்கப்பட்ட பிறகும் காப்பாற்றுவார், அவருக்கு உன்னைப் போல ரூல்ஸ் கிடையாது.

இப்படிக்கு,
அடங்காத அத்தை,
பிரகதாம்பாள்.

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது ஒரு போன் வந்தது. "அம்மா, நான் வேர்மன்னன் வீட்டுக்காரி தேவிப்ரியா பேசுறேங்க. எனக்கும் உங்க பக்கந்தான், ஆவுடையார்கோவில். நீங்க எழுதுனதை இப்பத்தான் பார்த்தேன். வாரேன்னா என்னன்னு இவருக்கு எடுத்துச் சொல்லிட்டேன், இவரு அன்னையிலேருந்து கதவைத் தாப்பா போட்டுக்கிட்டுத்தான் தூங்குறாரு" என்றாள். வீட்டில் முருங்கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். வேர்மன்னன் வைத்தியம் பார்த்து அது எப்போதோ பட்டுப்போய்விட்டதாம். மனசு கேட்கவில்லை. நம் மரத்திலிருந்து நல்ல கிளைப் போத்தாக நாலு வெட்டிக் கொண்டுவந்து நட்டுத் தருகிறேன் என்று சொல்லி, வீட்டுக்கு வழியும் கேட்டுக்கொண்டேன். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே கொஞ்சம் நடக்க வேண்டுமாம். போத்தை அங்கேயே சீவி நட்டால்தான் பிடிக்கும் என்பதால் பையில் அரிவாளும் இருக்கும். ஆகவே அந்தச் சிவப்பு எழுத்தை எடுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். நாளைக் காலை முதல் பஸ். இந்த வாரேன், வாரேன்தான்.