கிளிக்குப் பயிற்சி, எனக்கு மாடிப்படி

இனி இந்தக் கிளி என்னைக் கடிக்கக் கூடாது என்று தீர்மானித்தேன். தீர்மானம் என்னுடையது. விரலும் என்னுடையது. கிளி மட்டும் மனைவியுடையது.

நான் சலூன் வைத்திருப்பவன். விரலெல்லாம் கட்டுப் போட்ட ஆள் சவரக் கத்தியோடு கிட்டே வந்தால் எந்த வாடிக்கையாளர் கழுத்தை நீட்டுவார்? அன்று காலை ஒருவர் பாதிச் சவரத்தில் எழுந்துவிட்டார்.

"கிளி கடிச்சுடுச்சு சார்!"

"கத்தி உங்க கையில இருக்கு. பழி கிளி மேலயா?"

முகத்து நுரையோடு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். இப்படியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்ததும் முழங்கினேன். "ஒண்ணு, அது கடிக்கறதை நிறுத்தணும். இல்லே, வீட்டை விட்டுப் போகணும்!"

மனைவி அசரவில்லை. "பறவை டாக்டர்கிட்ட கேட்டுட்டேங்க. கடிச்சா கத்தக் கூடாது. கையை உதறக் கூடாது. பேசாம வெளிய போய்க் கதவைச் சாத்திக்கணும். தனியா விட்டா அதுக்கே புத்தி வருமாம்."

"வெளிய போறது நானா?"

"பின்ன, அதுவா கதவைத் திறந்துக்கிட்டுப் போகும்?"

மாலையில் சோபாவில் உட்கார்ந்தேன். டிவி ரிமோட்டின் மேல் கிளி. விரலை நீட்டினேன். காய்கறி வாங்க வந்தவர்போல் அதை மேலும் கீழும் பார்த்தது. கண்மணி சுருங்கியது. விரிந்தது.

டக்!

உயிர் போய்த் திரும்பியது. ஆனாலும் கத்தவில்லை. வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மாடிப்படியில் நின்றேன். உள்ளே சீரியல் வசனம் கணீரென்று கேட்டது.

மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்தார். "என்ன, சண்டையா?"

"இல்லே, கிளிக்குப் பயிற்சி."

"கிளி எங்கே?"

"உள்ளே. சோபாவுல."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

தினமும் இதே கதை. விரலில் கட்டுப் பருத்தது. கடையில் கூட்டம் இளைத்தது.

ஒருநாள் அந்தப் பறவை டாக்டரே சவரத்துக்கு வந்தார். கட்டைப் பார்த்தும் உட்கார்ந்த ஒரே தைரியசாலி. தொண்டையில் கத்தியை வைத்தபடி கேட்டேன்.

"கிளி கடிச்சா நான் வெளிய போகணும்னீங்களே, இன்னும் எத்தனை நாளைக்கு டாக்டர்?"

தொண்டை அசையாமல் பேசினார். "உங்களை இல்லே... கிளியை... பக்கத்து ரூம்ல... விடச் சொன்னேன்."

"என் வீட்டுக்காரிகிட்ட இப்படியா சொன்னீங்க?"

"இப்படித்தான்... முதல்ல... கத்தியை எடுங்க."

கொதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். "டாக்டர் கிளியைத்தானே அனுப்பச் சொன்னாரு?"

சீரியலிலிருந்து மனைவி கண்ணை எடுக்கவில்லை. "ஆமாங்க. ரெண்டு பேர்ல யாரை அனுப்பறது சுலபம்னு யோசிச்சுப் பார்த்தேன். அதுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி."

"என் கடை என்ன ஆகறது?"

"ரிமோட் பக்கம் கையை நீட்டாம இருங்க. விரலும் பிழைக்கும், கடையும் பிழைக்கும்."

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!" என்று கர்ஜித்தேன்.

கிளி கழுத்து இறகைச் சிலுப்பியது.

நானே வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.