கழுத்தைப் பற்றி நான் ஆற்றிய ஒரே உரை

மேடைப் பேச்சாளனுக்கு நாக்குதான் மூலதனம் என்று நம்புகிறவர்கள் மேடை ஏறாதவர்கள். ஏறியவனுக்குத் தெரியும், மூலதனம் கழுத்து. இடப்புறம் ஒரு வீச்சு, வலப்புறம் ஒரு வீச்சு, நடுவே ஒரு கம்பீரமான மௌனம். கைதட்டல் தானாக வந்து விழும். கல்லூரி நாட்களிலேயே இந்தக் கலையில் நான் கரைகண்டவன் என்பது என் மதிப்பீடு. (அம்மாவின் மதிப்பீடு வேறு: "டேபிள் ஃபேன் கணக்கா தலையத் திருப்புறான்.") அந்தக் கழுத்தே என்னை அவையில் கைவிட்ட கதை இது.

2003ஆம் ஆண்டு. என் நண்பனின் அக்கா ஜரீனா, உத்தமபாளையத்துக்காரர், சுருளிப்பட்டியில் பிசியோதெரபி நிலையம் திறந்திருந்தார். திராட்சைப் பந்தலுக்கடியில் நாளெல்லாம் அண்ணாந்து நின்று கொடியை வெட்டிக் கவாத்து செய்யும் பெண்கள் நிறைந்த ஊர். கழுத்துவலி இல்லாத வீடே இல்லை. ஆயினும் நான்கு மாதங்களில் அவரைத் தேடி வந்தவர்கள் மூவர். அவர்களுள் ஒருவர் தபால் நிலையத்துக்கு வழி கேட்க வந்தவர். அங்கே போனால் முதுகைக் கீறித் தைத்துவிடுவார்கள் என்றொரு வதந்தி ஊரெங்கும் உலவியது.

"ஞாயித்துக்கிழமை இலவச முகாம் வச்சிருக்கேன். இதுக்கும் ஆள் வரலைன்னா பூட்டிட்டு மதுரைக்கு வேலைக்குப் போயிருவேன். அவுக பயம் தெளியிற மாதிரி ஒரு பத்து நிமிசம் பேசு தம்பி, போதும்" என்றார் அக்கா.

அவர் கேட்டது பத்து நிமிடம். நான் தயாரித்தது ஐம்பது நிமிடம்.

அக்காவின் உடற்கூறு நூலை மடியில் கிடத்தி, ஒரு வாரம் குனிந்த தலை நிமிராமல் படித்தேன். கழுத்தில் எலும்புகள் ஏழு. அவற்றின் இடையே மெத்தை போன்ற வட்டுகள். பின்புறம் இருமருங்கும், ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும் சின்னஞ்சிறு மூட்டுகள். மனிதன் அண்ணாந்து பார்ப்பதும் திரும்பிப் பார்ப்பதும் அவற்றின் கருணை. படித்த நேரம் போக எஞ்சிய நேரமெல்லாம் கண்ணாடி முன் தலை வீச்சு ஒத்திகை. உரையின் உச்சக்கட்டம் இது: "தாய்மார்களே! வலிக்கிற கழுத்தை வெடுக்கென்று திருப்பி நெட்டி முறிக்காதீர்கள்!"

முகாம் அன்று காலை, மேடைக்கு லட்சணமாக இருக்க வேண்டுமே என்று சலூனுக்குப் போனேன். முடி வெட்டி முடிந்ததும், ஒரு வாரம் குனிந்து இறுகிப்போன கழுத்தைச் சலூன்காரர் கணேசன் அண்ணனிடம் நீட்டினேன்.

"ஒரு நெட்டி எடுத்து விடுங்கண்ணே. மேடையில ஃப்ரீயா திரும்பணும்."

"வேணாம்ப்பா. கழுத்து கட்டையா கெடக்கு. நீ பேசப்போறதே இதப் பத்தித்தான்னு நோட்டீஸ்ல போட்டிருக்காகளே?"

"அது அவுகளுக்குண்ணே!"

அண்ணன் மறுத்துவிட்டார். உடனே நான் தாடையை ஒரு கையாலும் பிடரியை மறு கையாலும் பற்றி, நானே முறித்துக்கொண்டேன். அந்தச் சத்தத்தில் தெருவில் போன ஆடு ஒன்று நின்று திரும்பிப் பார்த்தது. (அதன் கழுத்து நன்றாகத் திரும்பியது.)

சமுதாயக்கூடத்தில் நாற்பது பெண்கள் இருந்தார்கள், கதவுக்கு அருகிலேயே, ஓடுவதற்கு வசதியாக. நான் ஒலிவாங்கியைப் பற்றி, "திராட்சைக் கொடிக்கு உயிர் கொடுக்கும் தாய்மார்களே!" என்று இடப்புறம் தலையை வீசினேன்.

வீசிய தலை திரும்பவில்லை.

இடப்புறம் இருந்தது நீல நிறக் குடிதண்ணீர் டிரம். வேறு வழியின்றி டிரம்மை நோக்கி, "ஏழு எலும்புகள்!" என்று முழங்கினேன். தோல்வியை ஒப்புக்கொள்வது பேச்சாளனுக்கு அழகன்று. உடம்பை மட்டும் திருப்பிப் பார்த்தேன்; தலையும் கூடவே வந்தது, வலி அதற்கு முன்னால் வந்தது.

"அடி ஆத்தா! நம்ம கழுத்துப் பிடிப்ப அப்படியே நடிச்சுக் காட்டுறான்டி!" என்றாள் ஒருத்தி. கைதட்டல் கூரையைப் பிளந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய கைதட்டலை அதற்கு முன்பும் வாங்கியதில்லை, பின்பும் வாங்கவில்லை. அந்த மயக்கத்தில் உச்சக்கட்டத்துக்கே தாவினேன்: "நெட்டி முறிக்காதீர்கள்!"

வாசலிலிருந்து கணேசன் அண்ணனின் குரல் வந்தது. "காலையில நீயே முறிச்சியேப்பா!"

சிரிப்பு அடங்குமுன், கவாத்து வேலையில் மூத்தவரான பேச்சியம்மா மேடையேறி என் முகத்தை உற்றுப் பார்த்தார். "அடியே, இது நடிப்பு இல்ல. பிள்ளைக்குக் கண்ணுல தண்ணி நிக்கிது."

ஜரீனா அக்கா என்னை அத்தனை பேர் முன்னிலையிலும் நாற்காலியில் உட்கார வைத்தார். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கழுத்தில் சுற்றினார். பிறகு என் கன்னத்தில் உள்ளங்கையை வைத்து, "என் கைய மெதுவாத் தள்ளு. தலை அசையக் கூடாது. மூச்சு விடு" என்றார். கால் மணி நேரம் இதுவே நடந்தது. என் பார்வை டிரம்மிலிருந்து நகர்ந்து, முதல் வரிசையின் ஓரத்தை எட்டியது.

"இன்னிக்கு இவ்வளவுதான். மிச்சம் வீட்ல பயிற்சி செஞ்சா நாலு நாள்ல சரியாயிரும்."

பேச்சியம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். "கத்தி எங்க?"

"கத்தியே கெடையாதும்மா."

"ஊசி?"

"இவனுக்கு அதுவும் வேணாம்."

பேச்சியம்மா என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டுத் தாம் அமர்ந்தார். "அப்ப எனக்கு இங்கன பாரு. ஒரு வருசமா வலிக்குது."

அவருக்குப் பின்னால் வரிசை டிரம் வரைக்கும் நீண்டது. பெயர் எழுதிக்கொண்டவர் கணேசன் அண்ணன். ஐம்பது நிமிட உரையில் நான் ஆற்றியது ஆறு நிமிடம். மீதியை என் கழுத்தே ஆற்றிவிட்டது. அக்கா மதுரைக்குப் போகவில்லை.

முகாமில் எடுத்த குழுப்படம் இன்றும் அந்த நிலையத்தின் சுவரில் இருக்கிறது. எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். நான் ஒருவன் மட்டும் டிரம் இருந்த பக்கம் பார்க்கிறேன். அதன் பிரதி ஒன்று எப்படியோ எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அன்று முதல், சிக்கனம், உடற்பயிற்சி, நேரம் தவறாமை என்று யாருக்காவது நான் அறிவுரை தொடங்கினால் போதும், அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்துவிடும்:

"முதல்ல டிரம்மப் பாத்துச் சொல்லு. அது கேட்டா நாங்களும் கேக்குறோம்."