தராசு முள் அசையவில்லை

உலகத்தில் ஒரு பொருள் இருக்கிறது என்றால் அதற்கு எடை இருந்தே ஆகவேண்டும். எடை இல்லாவிட்டால் அது பொருளே அல்ல. இது அயல்நாட்டுப் பொதி விடுவிப்பு அலுவலகத்தின் பதினான்காம் விதி. விதியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வம்பெல்லாம் அங்கிருந்த தராசினால் வந்தது. சிமெண்ட் மூட்டை நிறுப்பதற்காக எப்போதோ வாங்கிப் போட்ட மேடைத் தராசு அது. ஐந்து கிலோவுக்குக் குறைவாக எதை வைத்தாலும் அதன் முள் மதித்து எழுந்திருக்காது.

சைக்கிள் கடைக்காரருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் வெளிநாட்டிலிருந்து கார்பன் இழையில் செய்த கிராங்க் செட்டை வரவழைத்திருப்பாரா? பெடல் மாட்டுகிற இரண்டு கைகளும், செயின் ஓடுகிற பல்சக்கரமும் சேர்ந்ததுதான் கிராங்க் செட். நம்மைப் போன்றவர்கள் சைக்கிளில் அது இரும்பு. இதுவோ மொத்தமாகவே அரைக் கிலோவைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்.

வாங்கியது அவர் வீட்டுக்காரிக்காக. அவளுக்கு வயது முப்பத்தொன்பது. மலையேறும் சைக்கிள் போட்டியில் போன வருஷம் ஒரு சாண் வித்தியாசத்தில் முதலிடத்தைக் கோட்டைவிட்டவள். நாற்பது ஆகிவிட்டால் போட்டியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமையை விட்டால் அவளுக்கு வேறு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

"பழைய கிராங்க்கே போதுங்க, காலுக்குப் பழகிடுச்சு" என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே!

"நீ தோத்தது காலால இல்லை, எடையால" என்றார் கடைக்காரர். பழையதைக் கழற்றி விற்றதோடு நிற்காமல், புதுசுக்கென்றே சைக்கிளின் அச்சையும் மாற்றி வைத்தார். இனி வேறு எந்தக் கிராங்க்கும் அதில் நுழையாது. அவ்வளவு நம்பிக்கை மனுஷனுக்கு.

திங்கட்கிழமை காலையில் எடை எழுத்தர் பெட்டியைத் தராசில் வைத்தார். முள் தூங்கிக்கொண்டிருந்தது.

"வெறும் பெட்டி" என்றார் எழுத்தர்.

"உள்ள சாமான் இருக்கு சார்!"

"முள் அசையலையே."

கடைக்காரர் பெட்டியைப் பிரித்து, கிராங்க்கை எடுத்து, அவர் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டினார். எழுத்தர் அதை வாங்கித் தராசில் வைத்தார். முள் புரண்டுகூடப் படுக்கவில்லை. 'பொதி வந்தது, உள்ளே பொருள் இல்லை' என்று பதிவேட்டில் எழுதிக் கோடு போட்டார்.

"சார், இதோ கண்ணுக்கு முன்னாடி இருக்கே!"

எழுத்தர் பேனாவை மூடிவிட்டு நிதானமாகப் பார்த்தார். "பெட்டி வெறும் பெட்டி. அப்படின்னா உள்ள இருந்தது காணாமப் போயிடுச்சு. காணாமப் போன சாமான் உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

செவ்வாயும் புதனும் விசாரணையில் போயின. பொருளைப் பறிகொடுத்தவர் என்ற முறையில் ஒரு படிவம், பொருளை எடுத்ததாகச் சந்தேகிக்கப்படுபவர் என்ற முறையில் இன்னொரு படிவம், இரண்டையும் அவரே பூர்த்தி செய்தார். புகார்தாரரும் சந்தேக நபரும் ஒரே முகவரியில் வசிப்பதால் அலைச்சல் மிச்சமானது என்று அலுவலகம் தன் குறிப்பில் மகிழ்ச்சி தெரிவித்துக்கொண்டது.

வியாழக்கிழமை மேலதிகாரியைப் பார்க்க முடிந்தது.

"பக்கத்துல காய்கறிக் கடையில சின்னத் தராசு இருக்கு சார். அஞ்சு நிமிஷ வேலை."

"காய்கறிக் கடைத் தராசு காய்கறி இருக்கா இல்லையான்னுதான் சொல்லும்" என்றார் மேலதிகாரி. ஆனால் நல்ல மனுஷன், இரக்கப்பட்டார். "பாவம், உங்க பொருள் எடை குறைவாப் பிறந்துடுச்சு. அதுக்குப் போய் இல்லைன்னு எழுதலாமா? கொஞ்சம் ஊட்டம் கொடுத்துப் பார்ப்போம்."

ஊட்டம் என்றால் இரும்புத் தகடு. கிராங்க்கின் கைக்கு ஒன்றாக இரண்டு தகடுகளை வைத்து, முறுக்குக் கம்பியால் இறுக்கி, ஈய முத்திரை குத்தி, எண் பொறித்தார்கள். மறுபடி தராசில் ஏற்றியதும் முள் சோம்பல் முறித்து எழுந்து ஐந்தில் நின்றது. அலுவலகமே கைதட்டியது.

"தகடை வீட்டுல போய்க் கழற்றிக்கலாமா சார்?"

"கழற்றினா பொருள் மறுபடி இல்லாமப் போயிடும். இல்லாத பொருளை வெச்சிருந்தா ஆறு மாசம்."

வீட்டுக்காரி அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள்.

"எடை குறைக்கத்தானே போனீங்க?"

"கம்பியை அறுத்துடட்டுமா?" என்றார் கடைக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அறுத்துட்டு நீங்க உள்ள போங்க, நான் மலைக்குப் போறேன். நல்லாருக்கும். பேசாம மாட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை அவள் அந்த இரும்போடு மலை ஏறினாள். கடைசியாக வந்தாள். வரவேற்புத் துணியை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார்கள். பரிசு வாங்கியவர்கள் வீட்டுக்கே போயிருந்தார்கள். ஆனால் ஓரிடத்தில்கூட அவள் இறங்கித் தள்ளவில்லை. வியர்வையில் நனைந்து வந்து நின்றவளைப் பார்த்தபோது கடைக்காரருக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அங்கேதான் ஊரார் 'அரைக்கிராம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்த சைக்கிள் பைத்தியம் வந்து சேர்ந்தார். சைக்கிளின் எடை கூடும் என்று மணியைக் கழற்றிப் போட்டவர். பயணத்துக்குப் போகும்போது பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக நறுக்கிக்கொண்டு போகிறவர். ஊரில் சைக்கிள் நாகரிகத்துக்கு அவர் சொன்னதுதான் சட்டம். குனிந்து முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"இது என்ன மாடல் மேடம்? பார்த்ததே இல்லையே."

அவளுக்கு இருந்த எரிச்சலில், "இதெல்லாம் கடையில கிடைக்காதுங்க. நம்பர் போட்டு, சீல் வெச்சு, ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பாங்க" என்றாள்.

போதாதா! அடுத்த வாரமே அலுவலக வாசலில் வரிசை நின்றது. எடையைக் கூட்டினால்தான் காலுக்கு உறுதி என்ற பேருண்மையை அரைக்கிராம் உலகுக்கு அறிவித்தார். கிராம் கிராமாகக் குறைத்து வந்தவர்கள் கிலோ கிலோவாக மாட்டிக்கொண்டு, தெருமுனை ஏற்றத்தில் நாக்குத் தள்ளி நின்றார்கள். அலுவலகம் 'எடை ஆர்வலர் பிரிவு' என்று தனி ஜன்னல் திறந்தது.

நம் கடைக்காரர்? செருப்பால் அடித்துக்கொள்ள நினைத்த மனுஷன் பத்தே நாளில் தகடு வாங்கி விற்க ஆரம்பித்துவிட்டார். 'அசல் அரசாங்க எடை இங்கே கிடைக்கும்' என்று பலகை வேறு.

"நான் எதால தோத்தேனோ அதையே விக்கிறீங்களா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள் வீட்டுக்காரி.

"ஊரே கேக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

தொழில் சூடு பிடித்த நேரத்தில் வெளிநாட்டு விலைப்பட்டியல் ஒன்று வந்தது. அச்சு அசல் இரும்புத் தகடு போலவே, துரு நிறமும் முத்திரையுமாக, கார்பன் இழையில் செய்த தகடு! இறகு மாதிரி இருக்குமாம். கடைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடனே ஒரு ஜோடி வரவழைத்தார். வந்ததை வாங்க அலுவலகத்துக்குப் போனபோது, வேடிக்கை பார்க்கவென்றே அவளும் தன் சைக்கிளை மிதித்துக்கொண்டு கூட வந்தாள்.

எழுத்தர் பெட்டியைத் தராசில் வைத்தார். பிறகு தராசைப் பார்த்தார். பிறகு கடைக்காரரைப் பார்த்தார்.

"வெறும் பெட்டி."

"தகடு கட்டிக் கொடுத்துடுங்க சார்" என்றார் கடைக்காரர் அவசரமாக.

"தகடு ஒண்ணுகூட இல்லை" என்றார் மேலதிகாரி. "எவனோ ஒரு கடைக்காரன் மொத்தமா வளைச்சுப் போட்டு வித்துட்டானாம்."

வீட்டுக்காரிதான் முன்னால் வந்தாள்.

"என் சைக்கிள்ல ரெண்டு இருக்கு. எடுத்துக்குங்க சார்."

மேலதிகாரி உள்ளம் குளிர்ந்து, தானே வாசலுக்கு வந்து, தானே கம்பியை வெட்டித் தகடுகளை எடுத்துக்கொண்டார்.

"இப்ப என் கிராங்க் இல்லாத பொருள் ஆயிடாதா?"

"அதெப்படி ஆகும்? பதிவேட்டுல அஞ்சு கிலோன்னு ஏறியாச்சு. ஏறினது ஏறினதுதான்."

"கழற்றினா ஆறு மாசம்னு இவர்கிட்ட சொன்னீங்களே சார்!"

"அவர் வந்து கேட்டாரு. கேட்டா கூடாதுன்னுதாம்மா சொல்லணும். கேக்காம கழற்றியிருந்தா யார் வந்து பார்க்கப் போறா?"

அவள் சைக்கிளில் ஏறி ஒரு மிதி மிதித்தாள். அது பாட்டுக்கு ஓடியது.

"எப்படி இருக்கு?" என்று பின்னாலிருந்து கத்தினார் கடைக்காரர்.

"லேசா இருக்குங்க, ரொம்ப லேசா" என்றாள் திரும்பிப் பார்க்காமல். "எனக்கு நேத்தோட நாற்பது ஆயிடுச்சு."

மேட்டுத் தெருவில் விறுவிறுவென்று ஏறிப் போய்விட்டாள். கடைக்காரர் இரும்புத் தகடு கட்டிய கார்பன் தகட்டைத் தோளில் சுமந்துகொண்டு அதே மேட்டில் மூச்சிரைக்க நடந்தார். மனசு அதைவிடக் கனத்தது. பாதி வழியில் அரைக்கிராம் எதிர்ப்பட்டு வழியை மறித்தார்.

"அண்ணே, கார்பன் மேல இரும்பா? இதுவும் சீல் வெச்சதா?"

"வெச்சதுதான்."

"எனக்கு ரெண்டு ஜோடி எழுதிக்குங்க."

கடைக்காரருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. சுமையை இறக்கி வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.