மூச்சு வாங்கினால் ஃபவுல்

ஃபவுல் மாஸ்டரைப் போல நேர்மையான மத்தியஸ்தர் இலங்கைத் தீவில் பிறந்ததில்லை. கட்சி பார்த்து அவர் ஒரு நாளும் விசில் ஊதியதில்லை. தனக்கு மூச்சு வாங்கும்போது மட்டும்தான் ஊதினார்.

ஆள் இளைப்பாறிய கணக்கு மாஸ்டர். ஒல்லி உடம்பு, முழங்காலைத் தாண்டும் காற்சட்டை, கழுத்தில் விசில். திருகோணமலை நகரம், கிண்ணியா, மூதூர் என்று எந்த அணிகள் உதைபந்து ஆடினாலும் நடுவில் அவர்தான் ஓடுவார். நகரத்து அணி ஒன்றின் செயலாளராக இருந்ததால் அவருடைய தீர்ப்புகளை நான் மிக அருகில் இருந்து அனுபவித்தேன். பந்து ஒரு கோலிலிருந்து மறு கோலுக்கு வேகமாகப் போனால், பின்னால் ஓடும் மாஸ்டரின் தொண்டையிலிருந்து 'ஹீ' என்று ஒரு சத்தம் கிளம்பும். உடனே விசில் கேட்கும். ஏதோ ஒரு பக்கம் கையை நீட்டி ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நிற்பார்.

"ஆர் மாஸ்டர் ஃபவுல் செய்தது?"

"அதை நான் சொல்லத் தேவையில்ல. செய்தவனுக்குத் தெரியும்."

எல்லாரும் மனச்சாட்சியைத் தொட்டுப் பார்ப்பார்கள். எப்படியும் ஒருவன் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிடுவான். எங்கள் ஊர்ப் பொடியன்களுக்குக் குற்ற உணர்ச்சி கொஞ்சம் அதிகம்.

ஒருமுறை பந்தின் அருகில் ஒரு விளையாட்டுக்காரனும் இல்லை. நகரத்துக்குள் திரியும் புள்ளிமான்களில் ஒன்று மட்டும் மைதான ஓரத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்தது. மாஸ்டர் தயங்கவில்லை. மானுக்கு எதிராக ஃபவுல் கொடுத்தார். மான் எதிர்த்துக் கதைக்கவில்லை.

நாளடைவில் எங்கள் மாவட்டத்து உதைபந்தே அவருடைய மூச்சுக்கு ஏற்றபடி மாறிவிட்டது. பந்து தூரத்துக்குப் பறந்தால் பின்வரிசைக்காரர்கள் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு நின்றுவிடுவார்கள். எப்படியும் விசில் வரும், பிறகு வீணாகக் களைப்பானேன்? அந்த இடைவெளியில் சிலர் தண்ணீர் குடித்தார்கள், சிலர் சப்பாத்துக் கயிறு கட்டினார்கள். வெளியூர் அணிகள் மட்டும் ஒன்றும் விளங்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

தனக்குத் தொய்வு, அதாவது ஆஸ்துமா, என்று மாஸ்டர் தானாகவே முடிவு கட்டியிருந்தார். தங்கச்சியின் இன்ஹேலரை இரவல் வாங்கி வந்து, இடைவேளையில் கதிரையில் உட்கார்ந்து ஆறுதலாக உறிஞ்சுவார். "இப்ப நல்ல சுகம்" என்பார். கதிரையில் இருந்ததால் வந்த சுகம் அது என்பதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

இந்த நேரம் பார்த்து லீக்கில் புதிய நிர்வாகம் வந்தது. வந்தவர்கள் ஒரு விளையாட்டை முழுதாகப் பார்த்தார்கள். இந்த வருட இறுதிப் போட்டியிலும் இப்படி ஊதினால் விசிலைத் திருப்பித் தரவேண்டும் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டார்கள். அன்று பின்னேரம் ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தார். ஏற்றம் ஏறி வந்ததில் தொண்டை கூவிக்கொண்டிருந்தது. அது அடங்கியதும் கேட்டார்:

"விசில் இல்லாட்டி நான் ஆர் தம்பி?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்தது ஒரு இளம் பெண் டொக்டர்.

"மூச்சு உள்ள எடுக்கேக்க கஷ்டமா, வெளிய விடேக்கயா?"

"உள்ள எடுக்கேக்க."

"இறுக்கிறது நெஞ்சா, தொண்டையா?"

"தொண்டைதான்."

"ஓட்டத்தை நிப்பாட்டினா எப்ப சுகமாகும்?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "ஃப்ரீ கிக் அடிக்கிறதுக்கிடையில சுகமாயிடும் டொக்டர்" என்றேன்.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மூச்சு வாங்குவதெல்லாம் தொய்வு இல்லை, சிலருக்கு ஓடும்போது குரல்வளை விரிவதற்குப் பதிலாகச் சுருங்கிவிடும் என்று விளக்கினார். உறுதி செய்யக் கொழும்புக்கு அனுப்பினார். நானும் போனேன். அங்கே மூக்கு வழியாக மெல்லிய கமரா ஒன்றை விட்டு, ஓடும் மெஷினில் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் 'ஹீ' கிளம்பியது. மாஸ்டர் பழக்க தோஷத்தில் கழுத்து விசிலை எடுத்து ஊதினார். நர்ஸ் மெஷினை நிறுத்தவில்லை. தன் விசிலை மதிக்காத முதல் ஆள் அந்தப் பிள்ளைதான் என்று வரும் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

டொக்டர் சந்தேகப்பட்டது சரி. மருந்தைவிட மூச்சுப் பயிற்சிதான் முக்கியம் என்றார்கள். பூவை மணப்பதுபோல மூக்கால் இழுத்து, சுடு தேத்தண்ணியை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து விடவேண்டும். மாஸ்டர் இதைக் காலையும் மாலையும் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் பழகினார். உதட்டைக் குவித்துக்கொண்டு வீடு வீடாகக் கடந்துபோகும் கிழவரைப் பற்றி அந்தப் பக்கத்துப் பெண்கள் இரண்டொரு முறைப்பாடு செய்தார்கள். நான்தான் போய் விளங்கப்படுத்தினேன்.

இறுதிப் போட்டி எங்களுக்கும் கிண்ணியாவுக்கும். நிர்வாகம் முன்வரிசையில் இருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடிகிற நேரம் எங்களுக்குக் கோர்னர் கிடைத்து எல்லாரும் முன்னே போனார்கள். பந்தைப் பறித்த கிண்ணியாப் பொடியன் தனியாக எங்கள் கோலை நோக்கி ஓடினான். எங்கள் பின்வரிசை வழக்கம்போலக் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு நின்றது. கோல் காப்பாளன் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினான்.

மாஸ்டர் ஓடினார். மூக்கால் இழுத்தார், உதட்டால் விட்டார். விசில் வரவில்லை. கிண்ணியாப் பொடியனே பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தான்.

"மாஸ்டர், ஊதேல்லயா?"

"ஊதுறதுக்கு ஒண்டும் நடக்கேல்ல தம்பி, நீ விளையாடு!"

ஓடிக்கொண்டே அவர் ஒரு முழு வசனம் சொல்லி நான் கேட்டது அன்றுதான். பொடியன் பந்தை மெதுவாக உள்ளே தட்டினான். எங்கள் கப்டன் கையை விரித்துக்கொண்டு மாஸ்டரிடம் ஓடினான்.

"ஃபவுல் எங்க மாஸ்டர்?"

"ஆர் செய்தது?"

"ஒருத்தரும் செய்யேல்ல."

"அப்ப என்ன கதை கதைக்கிறீர்?"

நாங்கள் தோற்றோம். நிர்வாகம் எழுந்து கை தட்டியது. விசில் இன்றைக்கும் அவர் கழுத்தில்தான் இருக்கிறது. செயலாளர் என்ற முறையில் நான் கவலைப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கண் கலங்கும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் கப்டனும் கொஞ்சம் கத்திவிட்டு, போய் அவரைக் கட்டிப்பிடித்தான்.

அந்த ஃபவுல்களில் ஒன்றுகூட ஃபவுல் இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். மனிசன் மூச்சை எடுக்கட்டும் என்றுதான் இத்தனை வருடமும் நின்று கொடுத்தோம்.