எங்களுக்குள் ஆகாது என்பதற்குச் சான்றிதழ் கேட்டு அக்காவுக்கு

என்றும் மரியாதைக்குரிய அக்காவுக்கு, உன் தம்பிகளில் மூத்தவன் வணங்கி எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். சின்னவன் சுகமா என்று எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பதற்காக அதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் எனக்கில்லை. (நேற்றிலிருந்து லேசாகச் சளி, மூக்கடைப்பு, வேறொன்றுமில்லை.) அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் அப்படியே நம்பிக்கொண்டிருப்பேன், கவலைப்பட வேண்டாம் என்று அவரிடம் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் சின்னவனுக்கும் ஒத்துவராது, பிறந்ததிலிருந்து ஒத்துவந்ததில்லை, இனியும் வராது என்று நீ உன் கைப்பட ஒரு சான்றிதழ் எழுதி, கையெழுத்துப் போட்டு, தாமதிக்காமல் அனுப்பிவைக்க வேண்டும். ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கிவிடலாம். இதை நீ ஒருத்திதான் தர முடியும். நாங்கள் தொட்டில் காலத்திலிருந்து அடித்துக்கொண்டதை நேரில் பார்த்த சாட்சிகளில் உன்னைத் தவிர மற்ற எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

எதற்கு என்று கேட்பாய். பென்ஷன் இல்லாத பஸ் டிப்போவில் டிக்கெட் பரிசோதகராக இருந்து வீட்டுக்கு வந்த எனக்கும், ஊரான் சுவருக்கெல்லாம் பெயிண்ட் அடித்து முதுகு போன சின்னவனுக்கும் அரசாங்கம் தனியாள் உதவித்தொகை தருகிறது அல்லவா, அதில்தான் வில்லங்கம். தனியாள் என்றால் அலுவலகத்து அர்த்தத்தில், தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறவன். ஒரு கூரைக்குக் கீழே எத்தனை பேர் படுத்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை, அடுப்பு எத்தனை என்பதுதான் பேச்சு. ரெண்டு அடுப்பு இருந்து, ஒருத்தர் பாட்டை ஒருத்தர் பார்க்காமல் இருந்தால் ரெண்டு குடும்பம், ரெண்டு தொகை. இல்லாவிட்டால் ஒரே குடும்பம், ஒரே தொகை. அந்த ஒற்றைத் தொகையில் வாடகையும் அவனுடைய பிரஷர் மாத்திரையும் போனால், மிச்சத்தில் ரெண்டு பேரும் காற்றைத்தான் குடிக்க வேண்டும்.

நாங்கள் தனித்தனியாக இருப்பது அரசாங்கத்தை ஏமாற்ற இல்லை என்பது உனக்குத் தெரியும். அது மின்விசிறியால் வந்தது. நீ கடைசியாக வந்துபோன கோடையில், கூடத்து விசிறியை ரெண்டில் வைத்தால் போதும் என்று நான் சொல்ல, அஞ்சில் வைத்தால்தான் காற்று என்று அவன் சொல்ல, பேச்சு வளர்ந்து, நான் அவன் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி, அவன் என் டிப்போவைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லி, மறுநாள் காலையில் நான் எழுந்து பார்த்தால் வீட்டின் நடுவே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. வாசல்படியில் தொடங்கி, கூடத்தைத் தாண்டி, சமையல் மேடையை ரெண்டாகப் பிளந்து, பின்சுவரில் போய் முட்டி நின்றது. கோடு துளி கோணவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும், எந்தக் காலத்திலும் அவன் வேலை சுத்தம். அன்றிலிருந்து அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். விசிறி சரியாகக் கோட்டுக்கு மேலே தொங்கியதால் அதை யாருமே போடுவதில்லை. ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் கீழ்வீட்டு நர்ஸம்மாவிடம் சொல்வோம், அவர் மாடியேறி வந்து மற்றவனிடம் சொல்லிவிட்டுப் போவார். இப்படி ஒழுங்காக, ஒரு வார்த்தை பேசாமல், சட்டப்படி ரெண்டு குடும்பமாக இருந்துகொண்டிருந்தோம்.

அப்போதுதான் தகுதி மறுஆய்வு என்று நோட்டீஸ் வந்தது, எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. வீட்டுக்கு ஆள் வரும், அடையாள அட்டை, வாடகை ரசீது, மருத்துவ அட்டை எல்லாம் தயாராக இருக்க வேண்டும், அதோடு தனித்து வாழ்வதற்கான ஆதாரத்தையும் காட்ட வேண்டும். நான் நோட்டீஸை எடுத்துக்கொண்டு நர்ஸம்மாவிடம் போனால், சின்னவன் ஏற்கெனவே அவனுடைய நோட்டீஸோடு அங்கே நிற்கிறான். அந்த அம்மா ரெண்டையும் வாங்கிப் படித்துவிட்டு, "இந்தத் தடவை என்னை விட்டுடுங்க. எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு. நீங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுங்க" என்றார். "நாங்க பேசிக்கிறதில்லைன்னு காட்டறதுக்கு நாங்களே பேசணுமா?" என்று கேட்டேன். "ஆமா" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போயே போய்விட்டார். ரெண்டு பேரும் படிக்கட்டில் நின்றோம். முதலில் பேசியது நான் இல்லை. "அந்தக் கோடு ரொம்ப மங்கிப்போச்சு" என்று அவன்தான் சொன்னான். சுவரைப் பார்த்துச் சொன்னான், ஆனாலும் அது பேச்சுதான், இதை நீ சான்றிதழில் குறிப்பிடலாம்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஆதாரம் தயாரிப்பதற்காக மட்டுமே நடந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி. வெங்காயக் கூடை, உப்பு டப்பா, தீப்பெட்டி எல்லாவற்றிலும் இது மூத்தவருடையது, இது இளையவருடையது என்று சீட்டு ஒட்டினோம். ஒட்டுகிற பசை ஒன்றுதான் இருந்தது, அதை மறைத்து வைத்தோம். பிறகு ஒத்திகை பார்த்தோம். அவன் நாற்காலியில் அதிகாரி மாதிரி உட்கார்ந்துகொண்டு, "உங்க தம்பி நேத்து என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டான். "சோறும் ரெண்டு முட்டையும். முட்டையைத் தீய விட்டுட்டான்" என்றேன். "தெரியாதுன்னு சொல்லணும்." "வீடு பூரா நாறிச்சுடா, எப்படித் தெரியாமப் போகும்?" "தெரியாதுன்னு சொல்லுண்ணா!" பஸ்ஸில் டிக்கெட் எங்கே என்று கேட்டால் ஒன்றுமே தெரியாத முகத்தோடு நிற்கிறவர்களைப் பிடித்தே தலை நரைத்தவன் நான், அந்த முகத்தை இந்த வயதில் நானே பழக வேண்டியதாயிற்று. சாயங்காலத்துக்குள் தம்பிக்கு எத்தனை கண் என்று கேட்டாலும் தெரியாது என்று சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். அவன் என்னை அண்ணா என்று கூப்பிட்டதை அப்போது நான் கவனிக்கவில்லை, படுக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

கோட்டைப் புதுப்பிக்க வேண்டாம், பழையதே இருக்கட்டும் என்றேன். எனக்குத் தொழில் தெரியும், நீ வாயை மூடிக்கொண்டிரு என்று சின்னவன் சொல்லிவிட்டு, விசாரணைக்கு முந்தின நாள் முழுநீளத்துக்கும் புது மஞ்சள் அடித்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் விசாரணைக்கு வந்த அதிகாரி அம்மா வாசல்படி தாண்டி வைத்த முதல் அடியே அதன்மேல் விழுந்தது. "இந்தக் கோடு எப்ப போட்டதுங்க?" என்று கேட்டார். "அது ஆச்சு மேடம், பல வருஷம்" என்றேன். அவர் ஷூவைத் தூக்கி, அடியில் ஒட்டியிருந்த ஈர மஞ்சளைப் பார்த்தார். அதற்குள் சின்னவன் பெயிண்ட் கரைக்கிற டர்பன்டைனும் பழந்துணியுமாக ஓடிவந்தான். நான் நாற்காலி எடுத்துப் போட்டு அந்த அம்மாவை உட்காரவைத்து ஷூவைப் பிடித்துக்கொள்ள, அவன் துடைக்க, நான் துணியை மடித்து மறுபக்கம் திருப்பிக் கொடுக்க, வேலை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. இத்தனையிலும் நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை அவர் குறித்துக்கொண்டிருக்க வேண்டும். குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அப்புறம் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்த் தனியாக விசாரித்தார். தம்பி என்ன சமைப்பார், தெரியாது. எப்போது தூங்குவார், தெரியாது. யார் வந்துபோவார்கள், தெரியாது. என் முகத்தைப் பார்த்து எனக்கே இரக்கமாக இருந்திருக்கும், அவ்வளவு தெரியாது. அவரும் அடுப்பை எண்ணிப் பார்த்து, ரெண்டு என்று எழுதிக்கொண்டு, ஃபைலை மூடி எழுந்துவிட்டார். எழுந்தவர் சும்மா போகக் கூடாதா? "அவருக்கு பிரஷர்னு அட்டையில இருக்கே, மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரா?" என்று போகிறபோக்கில் கேட்டார். அக்கா, அந்த விஷயத்தில் எனக்கு உள்ளே இருக்கிற எரிச்சல் உனக்குத் தெரியாது. "எங்க மேடம் சாப்பிடறான்? காலை மாத்திரை போடுவான், சாயங்கால மாத்திரை மறந்தே போயிடுவான். நான் இருமினாத்தான் உண்டு" என்று கொட்டிவிட்டேன். "இருமினாவா?" என்றார். "பேசறதில்லையே மேடம், அதனால இருமுவேன். கோட்டுப் பக்கமா நின்னு நாலு தடவை இருமினா எழுந்து போய் மாத்திரை டப்பாவை எடுப்பான்." "தினமுமா?" "மாத்திரை தினமும்தானே மேடம்." அவர் மறுபடி உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார்.

அதோடு போயிருந்தால் நான் எப்படியாவது சமாளித்திருப்பேன். கூடத்திலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மடையன், ஒத்திகையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு உள்ளே வந்தான். "என்னது, எனக்காகவா இருமினே? தொண்டை சரியில்லாம இருமுறேன்னு நெனச்சுதானே நான் தினம் வெந்நீர் போட்டு உன் பக்கம் நகர்த்தி வைக்கிறேன்! அடுப்பு மூட்டப் போகும்போது அலமாரியில மாத்திரை டப்பா கண்ணுல படும், அப்ப போட்டுக்குவேன்" என்றான். தினமும் மேடையில் என் பக்கம் வந்து நிற்கிற அந்த வெந்நீர் டம்ளரை, இவன் பாத்திரத்தை இடம் பார்த்து வைக்கத் தெரியாதவன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே, கொட்டுவானேன் என்று இத்தனை காலமும் நான்தான் குடித்துவந்திருக்கிறேன். அக்கா, எனக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவுதான், அந்த அம்மா முன்னாலேயே வந்துவிட்டது. அவன் வெந்நீர் கொண்டுவந்தான்.

விசாரணை அம்மா நல்ல மாதிரிதான். "அடுப்பு ரெண்டுதாங்க. ஆனா என்னால ரெண்டு குடும்பம்னு எழுத முடியலை" என்றார். ஒரே குடும்பம் என்று எழுதினார். அடுத்த மாதத்திலிருந்து ஒரே தொகை. ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாமாம். அதற்கு நெருங்கின சொந்தம் ஒருத்தர், இவர்களுக்குள் ஆகாது என்று சான்றிதழ் தர வேண்டும். கூடவே நாங்கள் ரெண்டு பேரும், எங்களுக்குள் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இவ்வளவுதான் தேவை, இதில் நீ தயங்க ஒன்றுமே இல்லை.

சான்றிதழில் என்ன எழுதலாம் என்று சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் அவன் என் காதைக் கடித்ததை எழுது, தடம் இன்னும் இருக்கிறது. நான் அவன் காற்றாடியைக் கிணற்றில் போட்டதை எழுது. நீ நடுவில் வந்து பிரித்துவிட்டதை மட்டும் எழுதாதே, சமாதானம் ஆனது மாதிரி தோன்றிவிடும். என் வீட்டுக்காரி தவறிப்போன சமயத்தில் அவன் எங்கேயும் வேலைக்குப் போகாமல் என் பாயிலேயே படுத்துக் கிடந்ததை எழுத வேண்டாம். அது கோடு போடுவதற்கு முந்தின சங்கதி, செல்லாது. இப்போது சேர்ந்துதான் சாப்பிடுகிறார்களாமே என்று நர்ஸம்மா உனக்கு போன் போட்டுச் சொன்னால் நம்பாதே. ஆட்சேப வேலை இருப்பதால் தற்காலிகமாக ஒரே அடுப்பில் வைத்திருக்கிறோம். வெந்தும் வேகாமலும் ஒரு சோறு வடிக்கிறான், அதையும் வாயை மூடிக்கொண்டுதான் தின்கிறேன். பகை பகையாகவே இருக்கிறது.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல், யாரிடமும் கை நீட்டாமல், எந்த அலுவலகத்துக்கும் ஆதாரம் காட்டத் தேவைப்படாமல் நீடூழி வாழ வேண்டும் என்று இங்கிருந்தே ஆசீர்வதிக்கிறேன்.

தன் தம்பியோடு எந்தத் தொடர்பும் இல்லாத,
உன் மூத்த தம்பி.

பின்குறிப்பு: கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த கண் ஆபரேஷன் போன வாரம் ஆயிற்று, நீ பதறுவாய் என்று சொல்லவில்லை. ஒரு கண்ணில் கட்டு, இன்னொன்று எழுத்துக்கு உதவாது. அதனால் மேலே இருப்பதும் இந்தப் பின்குறிப்பும் நான் சொல்லச் சொல்லச் சின்னவன் எழுதியது. மடையன் என்று சொன்ன இடத்தைக்கூட அப்படியே எழுதினான், காது கடித்த விஷயத்தை நான் மறந்திருந்தேன், அவன்தான் எடுத்துக்கொடுத்தான். கடிதம் முடிந்ததும், அதே கையோடு உறுதிமொழியையும் எழுதிவிடலாம் என்று வேறு தாள் எடுக்கச் சொன்னேன். "எனக்கும் என் தம்பிக்கும் ஒட்டும் இல்லை" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். பேனா ஓடுகிற சத்தம் கேட்கவில்லை. எழுதுடா என்றேன். "நீ வேற யாரையாவது வச்சு எழுதிக்க" என்று பேனாவை மேடையில் வைத்துவிட்டான். அப்புறம் கண்ணில் மருந்து விடுகிற நேரம் வந்துவிட்டது, விட்டான். ஆகையால் சான்றிதழ் அனுப்ப வேண்டாம். அனுப்புவதென்றால் கொஞ்சம் அரிசி அனுப்பு. ரெண்டு மூட்டையாகப் பிரிக்க வேண்டாம், ஒரே மூட்டையாகவே கட்டு.