ஹமேஷாவாலா

ஹைதராபாத்தில் எதையுமே முழுசாகச் சொல்லாமல் பிழைப்பு நடத்திய ஒரே மனிதர் எங்கள் ஹமேஷாவாலாதான். மாதாப்பூர் ஆபீசில் எனக்குப் பக்கத்து சீட். டீக்கடையில் உட்கார்ந்ததும் ‘ஹமேஷாவாலா’ என்பார். வழக்கமானது என்று அர்த்தம். அரைச் சர்க்கரை, பாலாடை கூடாது, கண்ணாடி கிளாஸ் என்பதையெல்லாம் கடைக்கார காதர் பாய் தானே நிரப்பிக்கொள்வார்.

காதர் பாய் சரி, ஊரே காதர் பாயா? செகந்திராபாத்தில் ஒரு புது சலூனில் உட்கார்ந்து இதையே சொல்லியிருக்கிறார். முந்தைய ஆளுக்கு அடித்த மொட்டையையே இவருக்கும் அடித்துவிட்டார்கள். ஆட்டோவில் ஏறியும் இதையே சொன்னார். ஆட்டோக்காரர் தன் வழக்கமான சவாரி போகும் மல்லாபூர் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டார். ஆனாலும் மனுஷர் திருந்தவில்லை.

புரோகிராமும் அதே லட்சணம். ஃபங்ஷன் என்கிற குட்டி புரோகிராம் கேட்கும் விவரத்துக்கெல்லாம், சொல்லாவிட்டால் எடுத்துக்கொள்ள ஒரு டிஃபால்ட் மதிப்பு எழுதிவிட்டு, கூப்பிடும்போது வெறும் அடைப்புக்குறி போடுவார். நேராகக் கூப்பிடும் வரைக்கும், புரோகிராமை மெஷினுக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் மிச்சத்தை நிரப்பிக்கொண்டது. புது பிராஜெக்டில் வந்தது ரிஃப்ளெக்‌ஷன். ஃபங்ஷனின் பெயரைச் சொன்னால், புரோகிராம் ஓடும்போதே தேடிப்பிடித்துக் கூப்பிடும். ஆனால் அது புது சலூன்காரர் மாதிரி, தானாக எதையும் நிரப்பாது.

திங்கட்கிழமை டெமோ. சொதப்பினால் வேலை போச்சு என்று மேனேஜர் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

“சார், ஒண்ணும் இல்லேன்னாலும் அந்த இடத்துல ‘மிஸ்ஸிங்’னு கொடுக்கணும். அப்பதான் டிஃபால்ட்டை எடுத்துக்கும்.”

“இல்லாததை இல்லேன்னு எதுக்குப்பா சொல்றது? எழுதி வச்சிருக்கேன்ல, பாத்து எடுத்துக்கட்டும்.”

“எடுத்துக்காது சார்.”

“நக்கோ, வேணாம். விடு.”

டெமோவில் முதல் பட்டனை அமுக்கியதுமே திரை சிவந்தது. கொடுத்த விவரங்களின் எண்ணிக்கை பொருந்தவில்லையாம். அடுத்த பட்டனும் அதே. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். சாயங்காலமே இவரது அடையாள அட்டையை வாங்கிவிட்டார்கள்.

லிஃப்ட் வாசலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. “இனிமே என்ன சார் பண்ணுவீங்க?”

“ஹமேஷாவாலாதான்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் டீக்கடைக்குத் தனியாகப் போனேன். காதர் பாய் கேட்காமலே இரண்டு கிளாஸ் கொண்டுவந்து வைத்து, “ஹமேஷாவாலா, சாப்,” என்றார். அவர் இல்லை என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அந்த அரைச் சர்க்கரை டீயையும் நானே குடித்தேன்.