நடுவில் வைத்த பிரேக்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், உங்கள் அத்தை சௌக்கியம், டிரெய்லரும் சௌக்கியம். வாடகை நாற்காலிகளில் நாலைந்துக்கு மட்டும் கால் கொஞ்சம் ஆடுகிறது. அங்கே நீங்களும் என் மகளும் உங்கள் வெல்டிங் பட்டறையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று போனில், "மாமா, ஒரு லீவருக்காக ரெண்டு பேரும் இப்படி அடிச்சுக்கிறதா இருந்தா, ஞாயித்துக்கிழமை வந்து டிரெய்லரத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன்" என்று சொன்னீர்கள். சொன்னதில் தப்பில்லை. ஆனால் என் தரப்பு நியாயத்தைப் பேச முடியவில்லை, ஏனென்றால் போனும் உங்கள் அத்தை கையில்தான் இருந்தது. என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். டிரெய்லரை எடுக்காதீர்கள், லீவர் உள்ள அந்தப் பிரேக் பெட்டியை மட்டும் காரில் எங்களுக்கு நடுவிலிருந்து கழற்றி, என் கதவோரமாக, அவள் கை எட்டாத இடத்தில் மாட்டிக் கொடுங்கள்.

நான் ஓய்வு பெற்று, விழாக்களுக்கு நாற்காலி மேசை வாடகைக்கு விடும் தொழிலை ஆரம்பித்தபோது, உங்கள் கையாலேயே டிரெய்லர் செய்து கொடுத்தீர்கள். அதற்கான பிரேக் பெட்டியைக் காரில் என் ரேடியோ இருந்த இடத்தில் பொருத்தினீர்கள். ரேடியோ போனதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அன்று பட்டறை வாசலில் பாடமும் நடத்தினீர்கள். "கால் பிரேக்க மிதிச்சா டிரெய்லரும் சேர்ந்து பிடிக்கும் மாமா, அது தானா நடக்கும். ஆனா ஓடும்போது டிரெய்லர் வால ஆட்ட ஆரம்பிச்சா, கால் பிரேக்கத் தொடாதீங்க, ஸ்டியரிங்க ஒடிக்காதீங்க. ஆக்சிலேட்டர்லருந்து கால எடுத்துட்டு, இந்த லீவர மட்டும் கொஞ்சம் கொஞ்சமா அமுக்குங்க. டிரெய்லர் மட்டும் பிரேக் பிடிச்சுப் பின்னால இழுக்கும், தானா நேராயிடும். வெடுக்குன்னு அமுக்குனீங்கன்னா சக்கரம் பூட்டிக்கும்" என்றீர்கள். நான் தலையை ஆட்டினேன். பக்கத்துச் சீட்டில் இருந்த உங்கள் அத்தை தலையை ஆட்டவில்லை. காது கொடுத்துக் கேட்டாள். வினை அங்கேதான் ஆரம்பம்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறவள். அந்த இடத்தில் ரப்பர் மேட் தேய்ந்து ஓட்டை விழுந்திருப்பதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். லைசென்ஸ் அவளிடமும் இருக்கிறது, தவறாமல் புதுப்பித்து பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள், ஆனால் ஓட்டுவதில்லை. கேட்டால், "நீங்க ஓட்டுறதப் பாத்துக்கறதே எனக்கு முழுநேர வேலை" என்பாள். அப்படிப்பட்டவளுக்குக் கையெட்டும் தூரத்தில், நிஜமாகவே பிடிக்கிற பிரேக் ஒன்றைக் கொடுத்தால் என்ன ஆகும்? முதல் நாளே மதில் மேல் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. இறங்கலாமா வேண்டாமா என்று அது முடிவு பண்ணுவதற்குள் இவள் லீவரை அமுக்கிவிட்டாள். யாரோ பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்த மாதிரி கார் நின்றது, பின்னால் வந்த ரொட்டிக் கடை வேன்காரர் தலையை வெளியே நீட்டி நான் இதுவரை கேள்விப்படாத உறவெல்லாம் சொல்லித் திட்டினார், போக்குவரத்துக் காவலர் நிதானமாக நடந்து வந்து, "யார் சார் நடு ரோட்டுல பிரேக் போட்டது?" என்றார். நான் பக்கத்துச் சீட்டைக் காட்டினேன். அவள், "இவர்தான் சார் போட்டிருக்கணும். போடல" என்றாள். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அதுகூடப் போகட்டும். போன வாரம் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குச் சரக்கு ஏற்றினோம். போன இடத்தில் முதலில் இறக்க வேண்டியது மேசை, ஆகவே கடைசியில் ஏற்ற வேண்டியதும் மேசை என்று கணக்குப் போட்டு, கனமான மேசைகளையெல்லாம் டிரெய்லரின் வால் பக்கம் அடுக்கினேன். "பின்னாடி பாரம் ஜாஸ்தியா இருக்கேங்க" என்றாள். "தொழில் பண்றது நானா நீயா?" என்றேன். பாலத்து இறக்கத்தில் ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனது. அந்தக் காற்றில் டிரெய்லர் லேசாக அசைந்தது, அப்புறம் நிறையவே அசைந்தது. பக்கக் கண்ணாடியில் என் மேசைகள் ஒருமுறை இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தன, ஒருமுறை அந்தப் பக்கம். காரே இடுப்பை ஒடித்தது. என் கால் நேராகப் பிரேக்குக்குப் போய்விட்டது மாப்பிள்ளை, உங்கள் பாடத்தில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. "கால எடுங்க!" என்றாள். எடுத்தேன். "ஸ்டியரிங்க நேரா புடிங்க!" பிடித்தேன். லீவரைத் தேடிக் கையை நீட்டினால், அங்கே ஏற்கெனவே அவள் கை. அதன் மேல் என் கையை வைத்து ஓங்கி அமுக்கப் பார்த்தேன். அடியிலிருந்து அவள் விரல் தடுத்தது. "மெதுவா. மாப்பிள்ள என்ன சொன்னாரு? கொஞ்சம் கொஞ்சமா." அப்படியே இரண்டு கையும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக அமுக்க, பின்னால் இழுப்பது தெரிந்தது, ஆட்டம் அடங்கி வண்டி நேரானது.

இறக்கம் முடிந்த இடத்தில் ஒரு டயர் கடை. அங்கே ஓரங்கட்டினேன். கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார், போனார், திரும்பவும் வந்தார். "சார், அம்மா, வண்டி நின்னு ரொம்ப நேரமாச்சு. ரெண்டு பேரும் அதுலருந்து கைய எடுக்கலாமே" என்றார். அப்போதுதான் எடுத்தோம். மேசைகளை முன்னால் தள்ளி அடுக்கச் சொன்னவரும் அவர்தான். உங்கள் அத்தை என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் தேவலை. எனக்குப் பயமாக இருந்தது மாப்பிள்ளை. ஆனால் வீடு வந்து சேர்ந்ததும், அமுக்கியது அவள் கையா, அதன் மேலிருந்த என் கையா என்று பேச்சு ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை.

டிரெய்லரை மட்டும் கொண்டு போய்விடாதீர்கள். அது வருவதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர்கள். இப்போது காலையில் எழுந்ததும் சண்டை போட ஒரு விஷயம் இருக்கிறது. பெட்டி இடம் மாறினால் போதும். வண்டி ஓட்டுவது ஒருவர் என்றால் பிரேக்கும் அவரிடம்தானே இருக்க வேண்டும்?

நீங்களும் என் மகளும் மேடு பள்ளம் இல்லாத பாதையில் நீண்ட நாள் போக என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை இதை வாங்கி முழுக்கப் படித்துவிட்டாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். "சரியாத்தான் எழுதியிருக்கீங்க. ஓட்டுறவங்ககிட்டதான் பிரேக் இருக்கணும்" என்று சொல்லி, பீரோவைத் திறந்து லைசென்ஸை எடுத்தாள், ஆணியில் தொங்கிய சாவியையும் எடுத்தாள். இன்று டிரெய்லரோடு ஊரைச் சுற்றி வந்தோம். ஓட்டியது அவள். நன்றாகவே ஓட்டுகிறாள், அதுதான் கஷ்டம். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். பெட்டி தயவுசெய்து நடுவிலேயே இருக்கட்டும், எனக்கும் கை எட்ட வேண்டும். ரப்பர் மேட்டையும் மாற்ற வேண்டாம். அவள் போட்ட ஓட்டை என் காலுக்கும் சரியாக இருக்கிறது.